குல்லாய் பின்ன எந்த ஊசி வாங்குவது?

தேன்கனிக்கோட்டையில் மார்கழி விடியலில் தலையை மூடாமல் தெருவில் நடப்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். கிருஷ்ணகிரி நகரத்தில் இந்தக் குளிர் தெரியாது. ராயக்கோட்டையைத் தாண்டி மேட்டில் ஏற ஏறக் காது மடல் சொல்லிவிடும். ரோஜாப் பசுமைக்குடில்களுக்குக் கருக்கலில் வேலைக்குப் போகிறவர்கள் துண்டு, மப்ளர், பழைய சால்வை என்று கையில் கிடைத்ததைத் தலையில் சுற்றிக்கொண்டு வேனுக்கு நிற்பார்கள்.

பக்கத்து வீட்டு மருமகள் இரண்டு மப்ளர் பின்னி முடித்த தைரியத்தில், சென்ற கார்த்திகையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். "அத்தை, மாமாவுக்கு ஒரு குல்லாய் பின்னித் தரலாம் என்று இருக்கிறேன். எந்த ஊசி வாங்கட்டும்?" என்றாள். கைப்பேசியில் நான்கு வகை ஊசிகளைப் பார்த்து வைத்திருந்தாள். நேர் ஊசி ஒரு ஜோடி, இரண்டு பக்கமும் முனை உள்ள குட்டை ஊசிகள் ஒரு கட்டு, நடுவில் வயர் வைத்த வட்ட ஊசியில் 40 சென்டிமீட்டர் ஒன்று, 80 சென்டிமீட்டர் ஒன்று. நான்கையும் வாங்கினால் நூலைப்போல் பல மடங்கு ஊசிக்குப் போய்விடும். ஒன்றை வாங்கச் சொல்ல வேண்டும்.

எது சுலபம் என்று கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொல்வார்கள். அவரவர் முதலில் பழகியது அவரவருக்குச் சுலபம். எனவே நான் வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன். புதிதாகப் பின்னுகிறவள் தப்பு செய்யத்தான் போகிறாள். அந்தத் தப்பு இரண்டு சுற்றுக்குள் கண்ணில் படுமா, பட்டால் முழுவதும் பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா? எந்த ஊசி இதற்கு நல்ல பதில் தருகிறதோ அதை வாங்கலாம்.

முதலில் குல்லாயின் அளவைப் போட்டுவிடுவோம். மாமாவின் தலைச் சுற்றளவு 55 சென்டிமீட்டர். குல்லாய் தலையைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்பதால் நான்கைந்து சென்டிமீட்டர் குறைத்துப் பின்ன வேண்டும். நடுத்தரத் தடிமன் நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் என்றால் 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 22 கண்ணி, அதாவது ஊசியில் ஏறும் நூல் வளையம், வரும். 112 கண்ணி போட்டால் 51 சென்டிமீட்டர். 112 நான்காலும் வகுபடும், எட்டாலும் வகுபடும். இரண்டு நிட் (வழவழப்பாகத் தெரியும் கண்ணி), இரண்டு பர்ல் (அதன் மறுபுறம்போல் மேடாகத் தெரியும் கண்ணி) என்று மாறி மாறி வரும் ஓரப் பார்டருக்கு நான்கு வேண்டும். உச்சியில் எட்டு இடத்தில் கண்ணியைக் குறைப்பதற்கு எட்டு வேண்டும். ஆக 112. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

ஊசி எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் எண்படி 8ஆம் நம்பர் ஊசி என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் காணொளியில் 8ஆம் நம்பர் என்றால் 5 மில்லிமீட்டர். நம்முடைய எண் ஏற ஏற ஊசி மெலியும், அவர்களுடையது ஏற ஏறத் தடிக்கும். இதைத் தெரியாமல் பின்னி, மாமாவுக்கென்று தொடங்கிய குல்லாய் பூசணிக்காய்க்குப் பொருந்தியதைப் பார்த்திருக்கிறேன். நம்பரைக் கேட்காதீர்கள், மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

நேர் ஊசியில் பின்னித் தைப்பது

இதில் புதிதாக வாங்க ஒன்றுமில்லை. மப்ளர் பின்னிய அதே ஊசி. அகலமாகப் பின்னி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் குல்லாய். தைப்பில் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி உள்ளே போகும் என்பதால் 112 அல்ல, 114 போட வேண்டும். இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு நிட்டில் முடித்தால், ஓரத்துக் கண்ணிகள் தைப்புக்குள் போய், மிஞ்சிய ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாகிவிடும். பார்டர் எங்கே தொடங்கியது என்று தேடினாலும் தெரியாது. 112 போட்டுவிட்டுத் தைத்தால் அந்த இடத்தில் மட்டும் வரி குழம்பி, ஆயுள் முழுக்க உறுத்தும்.

முறுக்கிக்கொள்வது, நூல் நீண்டு ஏணிபோல் கோடு விழுவது என்று, தைக்காமல் சுற்றிச் சுற்றிப் பின்னும் வட்டப் பின்னலில் வரும் தொல்லைகள் இதில் எதுவும் இல்லை. ஆனால் தைப்பு என்று ஒன்று இருக்கிறது. அவசரத்தில் ஓரத்தை மடித்து வெறும் ஓட்டத் தையல் போட்டால் உள்ளே தடித்த வரப்பு நிற்கும். காலை முழுவதும் அதைத் தலையில் வைத்திருக்கிறவர் இரண்டாம் நாள் துண்டுக்கே திரும்பிவிடுவார். இன்னொன்று, முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என்று மாறி மாறிப் பின்னுவதில் பலருக்கு பர்ல் வரிசை தொளதொளவென்று வரும். வட்டப் பின்னலில் வழவழப்பான பகுதி முழுவதும் நிட் மட்டும்தான். பர்ல் பிடிக்காதவர்கள் வட்டத்துக்கு மாறுவதற்கு அதுவே பாதிக் காரணம்.

குட்டை ஊசிக் கட்டு

நான்கோ ஐந்தோ ஊசிகள். ஐந்தில் நான்கு கண்ணிகளைத் தாங்க, ஒன்று வேலை செய்யும். நமக்கு ஊசிக்கு 28 கண்ணி. இது பழைய வழி. ஜெர்மனியில் 1400ஆம் ஆண்டை ஒட்டி வரைந்த ஒரு பலிபீட ஓவியத்தில் மரியாள் உட்கார்ந்து இப்படிப் பல ஊசிகளில் ஒரு சிறு சட்டையைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிறாள். வயர் வைத்த ஊசி இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு முன் காலுறை, கையுறை, குல்லாய் எல்லாம் இந்தக் கட்டில்தான் நடந்தன.

உச்சிவரை தடையில்லாமல் போகலாம் என்பது இதன் பலம். முதல் மூன்று சுற்றுதான் சோதனை. துணி என்று எதுவும் இன்னும் உருவாகாத நிலையில் நான்கு ஊசியும் நான்கு திசையில் சரியும், கண்ணி வரிசை ஒவ்வொரு மூலையிலும் திரும்பிக்கொள்ளும். அலுமினிய ஊசி என்றால் வழுக்கி மடியில் விழும், மூங்கில் கொஞ்சம் பிடித்து நிற்கும். ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே நூல் நீண்டு ஏணிப்படிபோல் கோடு விழும். நான்கு சந்து, நான்கு ஏணி. அடையாள வளையத்தை ஊசியில் போட்டால் முனை வழியாகக் கழன்று ஓடிவிடும். சுற்றின் தொடக்கத்தில் துணியிலேயே ஓர் ஊக்கைக் குத்திவிடுவதுதான் வழி. கைக்குழந்தைக் குல்லாய்க்கும் காலுறைக்கும் நான் இன்றும் இதைத்தான் எடுக்கிறேன். முதல் குல்லாய்க்குச் சொல்ல மாட்டேன்.

40 சென்டிமீட்டர் வட்ட ஊசி

கைக்கு இதைப்போல் சுகம் வேறில்லை. 51 சென்டிமீட்டர் துணி 40 சென்டிமீட்டர் ஊசியில் லேசாக நெருங்கி உட்கார்ந்திருக்கும். சந்தும் இல்லை, ஏணியும் இல்லை, சுற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். கடைக்காரர் 60 சென்டிமீட்டரை நீட்டினால் வாங்காதீர்கள். 51 சென்டிமீட்டர் துணி 60 சென்டிமீட்டர் ஊசியின் இரு முனைக்கும் எட்டாது. இழுத்து இழுத்துப் பின்னி, நம் கைதான் சரியில்லை என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதன் முதல் தடங்கல் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை ஓசூரில் பஸ் ஏறி, சூளகிரி வருவதற்குள் 112 கண்ணியையும் போட்டு இரு முனையையும் சேர்த்துவிட்டேன். பெருமையாக இருந்தது. கண்ணிகளின் அடிப்பின்னல் வயரைச் சுற்றி ஒரு முறை திரும்பியிருந்ததை ஆடுகிற பஸ்ஸில் எப்படிக் கவனிப்பது? நான்கு சுற்று வரை அது சுருண்ட நாடாபோலத்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் பத்து சென்டிமீட்டர் வளர்ந்த பிறகு, தலையில் வைத்துப் பார்க்க எடுத்தால் குல்லாய் எட்டுப்போல் முறுக்கி நிற்கிறது. 30 சுற்று, 3,360 கண்ணி. முறுக்கின சேர்ப்புக்கு அந்தக் கட்டத்தில் மருந்தே இல்லை. பிரித்தேன்.

முதல் சுற்று முடிகிற நேரத்தில் பார்த்துவிட்டால் தப்பலாம். அப்போது தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் ஒரே ஓர் இழைதான் பாலமாக இருக்கும். கண்ணிகளை அந்த இடத்தில் ஊசியின் மேலாகத் திருப்பிவிட்டால் முறுக்கு அந்த இழைக்குள் அடங்கிவிடும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. நேர் ஊசியில் பின்னுவதுபோல் முதல் நான்கு வரிசையைத் திருப்பித் திருப்பிப் பின்னிவிட்டு, அதன் பிறகு சேருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் துணி தொங்கும்போது எது மேல், எது கீழ் என்று பார்வையற்றவரும் விரலால் தடவிச் சொல்லலாம். சேராமல் விட்ட அந்தச் சிறு பிளவைத் தொடக்கத்தில் விட்ட நூல் வாலைக்கொண்டு கடைசியில் இரண்டு தையலில் மூடிவிடலாம். நான் கற்றுக்கொடுக்கிற எல்லாரையும் இப்படித்தான் தொடங்கச் சொல்கிறேன். கைதேர்ந்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இரண்டாவது தடங்கல் உச்சியில். 22 கண்ணிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் 40 சென்டிமீட்டருக்கு 88 கண்ணி. ஒவ்வொரு குறைப்புச் சுற்றிலும் எட்டு போகிறது. 112, 104, 96, 88. மூன்றே குறைப்பில் துணி ஊசியின் நீளத்துக்கு வந்துவிடும். இன்னும் ஒன்றிரண்டு சுற்றுக்கு இழுத்துப் பிடிக்கலாம், அதற்கு மேல் முனைகள் சந்திக்காது. அப்போது குட்டை ஊசிக் கட்டு வேண்டும், இல்லாவிட்டால் நீள வயர் ஊசி வேண்டும். ஒன்று வாங்கப் போய் இரண்டாகிறது. நம் ஊரில் அந்த இரண்டாவதை உடனே வாங்கவும் முடியாது. அஞ்சலில் வரவேண்டும், அல்லது யாராவது பெங்களூரு போய் வரவேண்டும். அதுவரை குல்லாய் மொட்டை மாடி போட்ட வீடாக நிற்கும்.

80 சென்டிமீட்டர், ஒரே ஊசி

மேஜிக் லூப் என்கிற முறை. நீளமான வயரின் நடுப்பகுதியைக் கண்ணிகளுக்கு நடுவே வெளியே இழுத்துவிட்டு, முன்பக்கம் 56, பின்பக்கம் 56 என்று பிரித்து வைப்பது. முன்பாதியைப் பின்னி முடித்துத் திருப்பி, பின்பாதியைப் பின்னினால் ஒரு சுற்று. 112 கண்ணியானாலும் எட்டுக் கண்ணியானாலும் இதே ஊசிதான். குல்லாய் தொடங்கி உச்சி முடிச்சு வரை வேறு ஊசியைத் தொட வேண்டாம். நாளைக்குக் கைக்குழந்தைக்குக் காலுறை பின்ன வேண்டும் என்றாலும், அந்த அளவு நூலுக்கு ஏற்ற தடிமனில் ஒன்று இருந்தால் போதும்.

வேகம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். சுற்றுக்கு இரண்டு முறை வயரை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். முதல் நாள் எந்த முனையை இழுப்பது என்று கை திகைக்கும். பின்னப் போகிற பாதியின் கண்ணிகள் இடப்பக்க ஊசியில் இருக்க வேண்டும். வலப்பக்க முனையைத்தான் வெளியே இழுத்து எடுக்க வேண்டும். நூல் உண்டை எப்போதும் வலப்பக்கத்து கண்ணியில் தொங்கும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மீதி தானாக வரும்.

இதிலும் ஏணி விழும். ஆனால் இரண்டு சந்துதான். ஏணி ஏன் விழுகிறது என்று பார்த்தால் மருந்தும் தெரியும். இரு பாதிகளும் விரிந்து நிற்கிற கோணத்தில், நடுவில் உள்ள இழை நீள்கிறது. புதியவர்கள் முதல் கண்ணியைப் பின்னியதும் நூலைச் சுண்டி இழுப்பார்கள், அது போதாது. முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னி, இரண்டாவது கண்ணிக்குள் ஊசியை விட்ட பிறகு நூலை இழுங்கள். முதல் கண்ணியின் தொய்வும் சேர்ந்து இறுகும். பார்டரில் ஒவ்வொரு பாதியும் இரண்டு நிட்டில் தொடங்கி இரண்டு பர்லில் முடிந்தால், சந்து பர்ல் பள்ளத்தின் ஓரத்தில் விழுந்து ஒளிந்துகொள்ளும். 56 நான்கால் வகுபடுவதால் இது தானாக அமைகிறது. வயர் முரடாக, வாங்கும்போது சுருண்டிருந்தபடியே விறைத்து நின்றால் ஏணி அதிகமாகும். வயரை மட்டும் ஒரு நிமிடம் சுடுநீரில் வைத்து, நீட்டிப் பிடித்து ஆறவிட்டால் பணிந்துவிடும்.

பாதி மாறும்போது நூல் ஊசிக்கு மேலாகக் கிடந்தால் ஒரு கண்ணி கூடிவிடும். 56 இருக்க வேண்டிய இடத்தில் 57. முதல் பத்து சுற்றுக்கு ஒவ்வொரு பாதியையும் எண்ணச் சொல்வது இதற்காகத்தான். 40 சென்டிமீட்டர் ஊசியில் 112ஐயும் எண்ண வேண்டும், பாதியில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. இங்கே 56 எண்ணினால் எந்தப் பாதியில் கோளாறு என்பதும் தெரிகிறது. தப்பு உடனே மாட்டிக்கொள்கிற இடம் இது, நான் இந்தப் பக்கம் சாய்வதற்கும் காரணம் அதுவே.

பிரிப்பதா, விடுவதா

ஊசி எதுவானாலும் இந்தக் கேள்வி வரும். ஆரம்பத்தில் எதைப் பார்த்தாலும் பிரிக்கத் தோன்றும், வேண்டாம்.

துணியின் நல்ல பக்கம் உள்ளே போய், பர்ல் மேடுகள் வெளியே தெரிகின்றன என்று பதறி ஒரு பெண் முக்கால் குல்லாயைப் பிரித்துவிட்டாள். ஒன்றுமே தப்பில்லை. ஊசி முனைகளைத் தன் பக்கம் வைத்துப் பின்னாமல் எதிர்ப்பக்கம் வைத்துப் பின்னியிருக்கிறாள், அவ்வளவுதான். சட்டையை உள்ளும் புறமும் திருப்புவதுபோல் குல்லாயைத் திருப்பிவிட்டு, முனைகளைத் தன் மார்புப் பக்கம் வைத்துத் தொடர்ந்தால் முடிந்தது.

பிரித்தே தீர வேண்டிய ஒன்று, நடுச் சுற்றில் வைத்துவிட்டுப் போய் வந்து எதிர்த் திசையில் பின்னுவது. அடுப்பில் களி கிண்டப் போய்த் திரும்பி வந்து எடுத்தால் எந்தக் கையில் எந்த ஊசி என்று மறந்திருக்கும். திரும்பிய இடத்தில் சிறு ஓட்டையும், ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை உயரமும் விழுந்திருந்தால் அதுதான். அந்த ஓட்டை வரை பிரித்துவிடுங்கள். எடுக்கும்போது உண்டையின் நூல் வலது ஊசியில் தொங்குகிறதா என்று பார்த்தால் இது நடக்கவே நடக்காது.

சேர்ப்பு இடத்தில் பிளவு தெரிந்தால் பிரிக்க வேண்டாம், நூல் வாலால் மூடலாம். கீழே விழுந்து ஓடிய கண்ணியைக் கொக்கி முனை உள்ள குரோஷா ஊசியால் படிப்படியாகத் தூக்கி ஏற்றலாம். கோடு போட்ட குல்லாயில் நிறம் மாறுகிற இடத்தில் ஒரு படி இடறுவது தப்பே இல்லை. வட்டப் பின்னல் உண்மையில் ஜிலேபிபோல் சுருள்தான், சுற்றின் முடிவு தொடக்கத்தைவிட ஒரு வரிசை மேலே நிற்கும். புது நிறத்தின் இரண்டாம் சுற்றில் முதல் கண்ணியைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றினால் இடறல் பெரிதும் மறையும். இல்லாவிட்டால் அது பிடரிப் பக்கம் வருகிறமாதிரி போட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

ஏணியைப் பொறுத்தவரை நூலைப் பார்க்க வேண்டும். கம்பளியானால் நனைத்து, குண்டானைக் கவிழ்த்து அதன் மேல் இழுத்துப் போட்டுக் காயவைத்தால் கண்ணிகள் தங்களுக்குள் சமரசம் செய்துகொள்ளும். உல்லன் என்ற பெயரில் நாம் வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அது தண்ணீருக்கு அவ்வளவாக மசியாது, இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பளபளத்துச் செத்துவிடும். அக்ரிலிக்கில் ஏணி தெரிந்தால் தெரிந்ததுதான். ஐந்து சுற்றுக்குள் என்றால் பிரிக்கலாம், அதற்கு மேல் என்றால் விட்டுவிட்டுக் கையைச் சரிசெய்யுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வேறொன்று கண்டேன், அது ஊசியின் குற்றமில்லை. அவள் பர்ல் பின்னும்போது நூலை அடிவழியாகச் சுருக்கமாகச் சுற்றுவாள். அப்படிச் சுற்றினால் கண்ணி ஊசியின் மேல் திரும்பி உட்காரும். அதற்கு ஈடாக நிட் வரிசையில் பின்கால் வழியாக, அதாவது கண்ணி வளையத்தின் பின்பக்க இழை வழியாக, ஊசியை விட்டு, தெரியாமலேயே நேராக்கி வந்திருக்கிறாள். மப்ளரில் குறையே தெரியவில்லை. வட்டத்தில் பர்ல் இல்லாத பகுதிக்கு வந்ததும் பின்கால் பழக்கம் மட்டும் மிஞ்ச, ஒவ்வொரு கண்ணியும் காலைப் பின்னிக்கொண்டு நின்றது. துணியும் விறைப்பாக இருந்தது. "கண்ணி எல்லாம் ஏன் சாய்ந்து நிற்கிறது அத்தை?" என்றாள். முன்கால் வழியாக விடச் சொன்னேன். பழகிய கைக்கு அது இடக்கையால் சாப்பிடச் சொன்னமாதிரி இருந்திருக்கும், இரண்டு நாள் முனகினாள்.

யாருக்கு எது என்று கேட்டால், இந்த வாரமே குல்லாய் தேவை, கையில் நேர் ஊசி இருக்கிறது என்பவர் 114 போட்டுப் பின்னித் தைக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் யாரிடமாவது குட்டை ஊசிக் கட்டு இருந்தால் உச்சிக்கு அதை வைத்துக்கொண்டு 40 சென்டிமீட்டரை வாங்கலாம், பின்னும் நேரம் இனிமையாகப் போகும். ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறவருக்கு 80 சென்டிமீட்டர், 4 மில்லிமீட்டர், வயர் மெலிந்து வளைவதாக. 100 கிராம் நூல் போதும், மிஞ்சும்.

அவள் 80 வாங்கினாள். முதல் நான்கு வரிசை நேராகப் பின்னிவிட்டு, ஐந்தாவதில் சேர்த்தாள். மாமா தை பிறக்கும் முன்பே போட்டுக்கொண்டு தளிச் சாலையில் வேனுக்கு நின்றார். இடக் காதுக்கு மேலே, பாதி மாறும் இடத்தில், ஏழெட்டு படிக்கு மெல்லிய ஏணி ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம்தான் காற்று வருகிறது என்று அவர் குறைசொன்னதாகக் கேள்வி. அடுத்த குல்லாய்க்கு 112 போட்டாகிவிட்டது.